கோம்பை நாய்களின் முதுமையும் பண்ணைக்காரரின் கடமையும்

போடிநாயக்கனூரிலிருந்து புறப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியே தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு உத்தமபாளையம் நோக்கிச் செல்லும் சாலையில் போகிறவர்கள், தென்னந்தோப்புகளின் வாயிலிலும் திராட்சைப் பந்தல்களின் ஓரத்திலும், செவலை நிறமும் கருத்த மூஞ்சியும் அகன்ற மார்பும் வாய்ந்த நாய்கள் அந்நியரைக் கண்டதும் எழுந்து நின்று உற்று நோக்குவதைக் கண்டிருக்கக்கூடும். மலைமேலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காவலாகவும், அடிவாரத்து விளைநிலங்களில் காட்டுப்பன்றியை விரட்டவும், வீட்டுக்குத் துணையாகவும் தலைமுறை தலைமுறையாக இப்பக்கத்து மக்களோடு வாழ்ந்து வரும் இந்த இனம், தான் தோன்றிய ஊரின் பெயராலேயே கோம்பை நாய் என்று நாடெங்கும் அறியப்படுகிறது.

2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை உள்நாட்டு நாயினங்கள் நான்கினுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, தமிழகத்திலிருந்து இராஜபாளையம் நாய் இடம்பெற்றது. கோம்பைக்கு அந்தப் பெருமை அன்று கிட்டவில்லை. ஆயினும், இயற்கையியல் அறிஞர் தியடோர் பாஸ்கரன் போன்றோர் நம் நாட்டு நாய்களைப் பற்றிச் சிரத்தையோடு எழுதிய நூல்களாலும், 2020 ஆகஸ்டில் பிரதமர் தம்முடைய வானொலி உரையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு கோம்பையையும் பெயர் சொல்லிப் பாராட்டியதாலும், இந்த இனத்தின் மீது பொதுஜனங்களின் கவனம் திரும்பியது. குட்டி வேண்டுமென்று வெளியூரிலிருந்து கேட்டு வருவோர் உண்டாயினர். அவர்களுக்காகக் குட்டி வளர்த்து விற்கும் பண்ணைகளும் உண்டாயின.

குட்டி வாங்க வருகிறவர்கள் தாய் எது, தகப்பன் எது என்று விசாரிக்கிறார்கள். கால்களின் பருமனைப் பார்க்கிறார்கள். மூஞ்சியின் கருமையைப் பார்க்கிறார்கள். காது மடிப்பைக்கூடத் தொட்டுப் பார்க்கிறார்கள். அந்தத் தாயைப் பெற்ற கிழட்டுப் பெட்டை இன்று எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறவர் மட்டும் மிக அரிது. ஆனால் ஒரு பண்ணையின் யோக்கியதையை அறிவதற்கு அந்த ஒரு கேள்வியைக் காட்டிலும் நல்ல உரைகல் வேறொன்று கிடையாது. நாயின் இளமையால் ஜீவனம் நடத்துகிறவர் அதன் முதுமைக்குக் கடன்பட்டவர் என்பது தர்மம். அந்த முதுமையைக் கண்டு பேணுகிறவரே தம் இனத்தின் உண்மையான ஆரோக்கியத்தை அறிய முடியும் என்பது விஞ்ஞானம். இந்த இரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு தழுவி நிற்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாய்க்கு முதுமை எப்போது தொடங்குகிறது? மனிதனுடைய ஏழு வருஷம் நாய்க்கு ஒரு வருஷம் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு சரியன்று. முதல் ஆண்டிலேயே நாய் ஏறத்தாழப் பதினைந்து வயதுப் பிள்ளையின் வளர்ச்சியை எட்டிவிடுகிறது. இரண்டாம் ஆண்டு அதனோடு ஒன்பதைக் கூட்டுகிறது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் சுமார் நான்கைந்து ஆண்டுகளுக்குச் சமமாகிறது. உடல் பெரிதாயிருக்கும் இனங்கள் விரைவாகவும் சிறிய இனங்கள் மெதுவாகவும் மூப்படைகின்றன. நடுத்தர உடலமைப்புள்ள கோம்பை போன்ற நாய்கள் ஏழெட்டு வயதிலேயே முதுமையின் வாயிலில் கால் வைத்துவிடுகின்றன என்றும், பத்து வயதில் அறுபதைத் தொட்ட மனிதருக்கு நிகராகின்றன என்றும் கொண்டால் பெரிய பிழை நேராது.

இங்கேதான் பண்ணைக்காரர் பலரும் ஏமாந்து போகிறார்கள். நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுகிறபோது அவர்கள் வாயில் வரும் முதல் வார்த்தை, "வயசாயிருச்சு சார், அதான் படுத்தே கெடக்கு" என்பதுதான். வயதாவது வேறு, வியாதி வேறு. மூக்கோரத்து மயிர் நரைப்பதும், ஓட்டம் சற்றுத் தணிவதும், தூக்கம் கூடுவதும் வயதின் லட்சணங்கள். எழுந்திருக்க முனகுவதும், குடம் குடமாய்த் தண்ணீர் குடிப்பதும், இரவெல்லாம் இருமுவதும் வியாதியின் லட்சணங்கள். அவற்றுக்குக் காரணம் உண்டு, அந்தக் காரணங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. முற்றிலும் குணப்படுத்த இயலாத நோயிலும் வேதனையைக் குறைத்து ஆயுளைச் சுகமாக்க முடியும்.

முதலில் மூட்டுகளைப் பார்ப்போம். ஓடியாடி உழைத்த நாய்க்கு இடுப்பிலும் முழங்காலிலும் முன்னங்கை மூட்டிலும் உள்ள குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்து, எலும்போடு எலும்பு உராயும் நிலை வருகிறது. விடியற்காலையில் சாக்குப் படுக்கையிலிருந்து எழும் கிழட்டு நாயைச் சற்றுப் பொறுமையாகக் கவனித்தால் இது தெளிவாகும். முன்னங்கால்களை ஊன்றிப் பாதி எழுந்து, பின்னுடலைத் தூக்க முடியாமல் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு பின்னங்கால்களைச் சேர்த்து இழுத்து எழுந்து, நாலைந்து அடி விறைப்பாக நடந்து, அதற்குப் பின்னரே நடை சீராகும். வலிக்கிறது என்று அது கத்துவதில்லை. வலியை வெளியே காட்டாமல் அடக்கிக்கொள்வது நாயின் சுபாவம். படியேறத் தயங்குவது, ஒரே மூட்டை ஓயாமல் நக்குவது, நடை குறைந்ததால் நகம் தேயாமல் நீண்டு வளைவது, தடவிக் கொடுக்கும்போது திடீரென்று சீறுவது ஆகிய இவையே அது பேசும் பாஷை.

மூட்டு நோய்க்கு முதல் ஔஷதம் உடல் எடையைக் குறைப்பது. அமெரிக்காவில் நாற்பத்தெட்டு லாப்ரடார் குட்டிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக ஆயுள் முழுதும் உணவளித்துப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 2002-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அளவோடு தின்ற நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டாண்டுகள் அதிகம் வாழ்ந்ததோடு, அவற்றுக்கு மூட்டு நோயும் பிந்தியே வந்தது. விலாவின்மீது உள்ளங்கையை அழுத்தாமல் வைத்து நகர்த்தும்போது எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்கு எடுப்பாய்த் தெரியக் கூடாது. அதுவே சரியான எடை. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

அடுத்தது படுக்கை. ஈரம் கசியும் சிமெண்டுத் தரையிலேயே ஆண்டுக்கணக்காகப் படுக்கும் நாய்களின் முழங்கைகளில் மயிர் உதிர்ந்து தோல் காய்த்துப்போகிறது. மூட்டு வலியும் மிகுகிறது. தாழ்வான கயிற்றுக் கட்டிலின் மேல் இரண்டு சணல் சாக்குகளை மடித்துப் போட்டால் போதும். வழுக்கும் தளக்கற்களின் மேல் சாக்கோ ரப்பர் விரிப்போ போட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மலைக் கணவாய்களின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கிச் சுழன்றடிக்கும் காற்றும், மார்கழிப் பனியும் கிழட்டு மூட்டுகளைப் பெரிதும் வாட்டுமாதலால், மேற்கு முகமாகத் திறந்த கொட்டகைகளில் முதிய நாய்களுக்கு ஒரு மறைப்பேனும் கட்டிக் கொடுப்பது அவசியம். காலையும் மாலையும் சிறிது தூரம் நிதானமாக நடக்கவிட வேண்டும். ஒரே இடத்தில் கட்டிப்போட்டால் தசை வற்றி மூட்டு இன்னும் விறைக்கும்.

வலி மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மனிதருக்காகக் கடையில் விற்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் முதலிய மாத்திரைகளை இரக்கத்தினால் நாய்க்கு ஊட்டுகிறவர்கள் உண்டு. அவை இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். உயிருக்கே உலை வைத்துவிடுவதும் உண்டு. நாய்களுக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன. இரத்தப் பரிசோதனை செய்து, எடையைக் கணக்கிட்டு, மருத்துவர் தரும் அளவிலேயே அவற்றையும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, பற்கள். வளர்ந்த நாய்க்கு நாற்பத்திரண்டு பற்கள். உதட்டை மெல்ல உயர்த்தி, பின்பற்களின் வேரடியைப் பார்த்தால், பழுப்பேறிய காரையும் சிவந்த ஈறும் தென்படுகின்றனவா என்பது தெரிந்துவிடும். நாய் வாயென்றால் நாறத்தான் செய்யும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆரோக்கியமான நாயின் வாய் அவ்வளவு நாறுவதில்லை. ஈறு அழுகி, கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் அது பல்லோடு நில்லாமல் உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடும். பசி இருந்தும் தட்டின் முன் நின்று தயங்குகிற நாய்க்கும், ஒரு பக்கமாகவே மெல்லுகிற நாய்க்கும் பல்வலி இருக்கலாம். வேகவைத்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்குமாதலால், பல் சுத்தமாகும் என்று எண்ணி அதைப் போடுவதும் தவறு.

மூன்றாவது, சிறுநீரகம். இந்த உறுப்பு மிகவும் பொறுமை வாய்ந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பழுதடைந்த பின்னரே வெளியில் அடையாளம் காட்டும். அந்த முதல் அடையாளம் தாகம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லி லிட்டருக்கு மேல், அதாவது இருபது கிலோ நாய் இரண்டு லிட்டருக்கு மேல், தண்ணீர் குடிக்குமானால் அது சாதாரணமன்று. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீந்ததை அளந்து கழித்தால் இந்தக் கணக்கு கிடைத்துவிடும். சிறுநீரக நோய், நீரிழிவு, கருப்பைச் சீழ் ஆகிய மூன்றுக்குமே அதிகத் தாகம் பொதுவான லட்சணமாதலால், எது என்பதை இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தே தீர்மானிக்க வேண்டும். இந்தத் தாகத்தைக் கண்டு, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது மிகப் பெரிய கொடுமை. பழுதான சிறுநீரகத்துக்குத் தண்ணீரே ஆதாரம்.

இந்த மண்ணில் வாழ்கிறவர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இப்பள்ளத்தாக்கின் பெருமை. அந்தத் திராட்சை நாய்க்கு நஞ்சு. திராட்சையையோ உலர் திராட்சையையோ தின்ற நாய்களில் சிலவற்றுக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்து போகிறது. அதிலுள்ள டார்ட்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. பந்தலின் கீழ் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கித் தின்னும் காவல் நாய்க்கு, அதிலும் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்த முதிய நாய்க்கு, அறுவடைக் காலத்தில் வேறு இடத்தில் காவல் கொடுப்பது புத்திசாலித்தனம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்குமாதலால், குழம்புச் சோற்றைப் போடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

நான்காவது, இருதயம். முதிய நாய் இரவில் இருமுகிறது, சிறிது நடந்ததும் உட்கார்ந்து விடுகிறது, வயிறு உப்புகிறது என்றால் இருதயத்தை ஐயுற வேண்டும். இதை வீட்டிலேயே கண்காணிப்பதற்கு மருத்துவர்கள் சொல்லித் தரும் எளிய உபாயம் ஒன்றுண்டு. நாய் அயர்ந்து தூங்கும்போது, அதை எழுப்பாமல் சற்றுத் தள்ளி அமர்ந்து, விலா உயர்ந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். முப்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. நாள்தோறும் இருபதாக இருந்தது சில நாட்களில் முப்பதைத் தாண்டிப் போகுமானால், நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாக்கு வெளுப்பதற்கும் மூச்சுத் திணறுவதற்கும் முன்னதாகவே இந்த எண்ணிக்கை எச்சரித்துவிடும்.

ஐந்தாவதாகக் கூறப்போவது இனப்பெருக்கப் பண்ணைகளுக்கே உரிய ஆபத்து. அதனாலேயே அதிகக் கவனத்துக்கு உரியது. மனிதப் பெண்ணுக்கு வருவது போன்ற மாதவிடாய் நிறுத்தம் பெட்டை நாய்க்குக் கிடையாது. குட்டி போடுவதை நிறுத்திய பின்னரும் அது பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் சுரப்புகளின் காரணமாகக் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். இவ்வாறு தடித்த கருப்பையில் கிருமி புகுந்தால், பருவம் முடிந்த நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் சீழ் நிரம்பிவிடுகிறது. தாகம், சோர்வு, உணவில் வெறுப்பு, சிலவற்றில் துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவை இதன் அறிகுறிகள். கசிவு வெளியே வராமல் கருப்பையின் வாய் மூடிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். கருப்பை கிழிந்து ஓரிரு நாளில் உயிர் போய்விடக்கூடும். உடனே அறுவை செய்து கருப்பையை எடுப்பதே நிச்சயமான சிகிச்சை. ஈற்று முடிந்து ஓய்வு பெறும் பெட்டைக்கு, உடல் நன்றாயிருக்கும்போதே கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்த ஆபத்து எழுவதேயில்லை. முலைக்கட்டியும் கருத்தடை செய்யாத முதிய பெட்டைகளையே மிகுதியாகத் தாக்குகிறது. வாரம் ஒருமுறை நாயை மல்லாத்தி, இரு வரிசை முலைகளையும் விரல் நுனிகளால் தடவிப் பார்த்து, கடலைப் பருப்பளவு கட்டி தென்பட்டாலும் உடனே காட்ட வேண்டும். அவற்றில் கணிசமான பங்கு புற்றுக்கட்டிகளாகவே இருக்கின்றன. ஆண் நாய்களுக்கு விரையில் கட்டியும், சுக்கில சுரப்பி வீங்கி மலம் கழிக்க முக்குவதும் இதேபோல் முதுமையில் வருபவை.

கண், காது, மனம் ஆகியவற்றின் மூப்பைச் சுருக்கமாகவே கூறலாம். ஏழெட்டு வயதுக்கு மேல் கண்மணியில் நீலம் பாரித்த மங்கல் தோன்றுவது இயல்பு. அதனால் பார்வை பெரிதும் கெடுவதில்லை. பால் போல் வெளுத்தால் அது கண்புரை. நீரிழிவுள்ள நாய்களுக்குக் கண்புரை மிக வேகமாக வந்துவிடுவதால், அதோடு சேர்த்துச் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும். செவி மங்கிய நாயைப் பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும். முன்னால் வந்து கண்ணில் பட்டு, பிறகு தொடுவதே முறை. சில நாய்களுக்கு மூளையின் மூப்பினால் திசை மயக்கம் உண்டாகிறது. நடு இரவில் காரணமின்றி உலாவும். சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கும். பழகிய இடத்தை விட்டு வேறெங்கோ சிறுநீர் கழிக்கும். அதனை அடிப்பது பாவம். உணவு வேளையையும் படுக்கும் இடத்தையும் மாற்றாமல் இருப்பதும், இரவில் சிறு விளக்கொன்றை எரியவிடுவதும் அதற்குப் பெரும் ஆறுதல்.

வெப்பப் பிரதேசமான நம் நாட்டில் முதுமையோடு சேர்ந்து வாட்டும் மற்றொரு பகை உண்ணி. உண்ணி கடிப்பதால் பரவும் காய்ச்சல், இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகச் செய்து, பல மாதம் உள்ளுக்குள்ளேயே இருந்து எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும் தன்மையுடையது. பல நாய்கள் நெருங்கி வாழும் பண்ணையில் சுவர் வெடிப்புகளிலும் சாக்கு மடிப்புகளிலும் உண்ணி முட்டையிட்டுப் பெருகுமாதலால், நாய்க்கு மருந்திடுவதோடு இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தைக் கரைத்து நாய்மேல் பூசுவது ஒருபோதும் கூடாது. உண்ணியோடு நாயும் மடியும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்கான தடுப்பூசியையும் வயதாயிற்று என்று நிறுத்திவிடக் கூடாது.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பஞ்சோறும் கேழ்வரகுக் களியும் மோர் விட்ட பழஞ்சோறுமே இப்பக்கத்து நாய்களின் பாரம்பரிய ஆகாரம். கடினமாக உழைத்த நாய்க்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். தசை வற்றிவரும் முதிய நாய்க்கு அது மட்டும் போதாது. வேகவைத்த முட்டையும் கோழி இறைச்சியும் மீனும் அதன் பங்கில் இருக்க வேண்டும். வயதான நாய்க்கு இறைச்சி ஆகாது என்பது பொதுவான விதியன்று. சிறுநீரக நோய் உள்ளதற்கு மட்டும் மருத்துவர் சொற்படி அளவும் வகையும் மாறும். ஒரே வேளையில் நிறையப் போடுவதைக் காட்டிலும் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுவது நல்லது.

இவ்வளவையும் ஒரு பண்ணையில் நடத்திக்காட்ட வேண்டுமானால் தேவையானவை இரண்டு: ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தனி உண்டியல். நாய் ஒன்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மாதந்தோறும் எடை, பல்லின் நிலை, பருவம் வந்த நாள், போட்ட ஊசி, தூக்கத்தில் எண்ணிய மூச்சு ஆகியவற்றைக் குறித்து வைத்தால், மருத்துவர் முன் நிற்கும்போது அந்த ஏடே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடும். ஏழு வயதைக் கடந்த நாயை ஆண்டுக்கு இருமுறை முழுமையாகப் பரிசோதிப்பது முறை. ஊரிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் தொடங்கி, மேல் சிகிச்சை தேவைப்பட்டால், இம்மாவட்டத்திலேயே வீரபாண்டிப் பக்கத்தில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் உதவியை நாடலாம். விற்கிற ஒவ்வொரு குட்டியின் விலையிலும் ஒரு சிறு பங்கை எடுத்து அதன் தாய் தகப்பனின் முதுமைக்கென்று தனியே சேர்த்து வைப்பது, பண்ணைக்காரருக்குப் பாரமாய்த் தோன்றாமல் காலத்தில் கைகொடுக்கும்.

சட்டமும் இதையொட்டியே பேசுகிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படியாக ஒரு பிராணியைக் கைவிட்டுச் செல்வது குற்றம். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் பண்ணைகள் பதிவு பெற வேண்டுமென்றும், பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாதென்றும், ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும் ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாதென்றும் வரையறுக்கின்றன. அரசாங்கமே நடத்தினாலும் இந்தப் பொறுப்பிலிருந்து விலக்கில்லை என்பதற்குச் சான்று, கோம்பை உள்ளிட்ட நாட்டினங்களைப் பெருக்குவதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நடத்தி வந்த நாய்ப் பண்ணை. விலங்கு நல ஆர்வலர் தொடுத்த வழக்கில் அதை மூடும்படி 2016-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இனத்தைக் காப்பதென்பது அந்த இனத்தின் ஒவ்வோர் உயிரையும் காப்பதிலேயே அடங்கியிருக்கிறது.

தர்மத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, வியாபார நோக்கில் பார்த்தாலும் முதிய நாய் பாரமன்று, அறிவுக் களஞ்சியம். இடுப்பு மூட்டுக் கோளாறு, இருதய பலவீனம், பரம்பரைக் கண்புரை போன்ற குறைகள் பல வேளைகளில் நாய்க்கு ஐந்து, ஆறு, ஏழு வயதான பின்னரே வெளிப்படுகின்றன. அதற்குள் அது பல ஈற்றுக் குட்டிகளுக்குத் தன் குறையைக் கொடுத்துவிட்டிருக்கும். ஓய்வு பெற்ற நாயை யாரிடமோ தள்ளிவிட்டோ, தோப்புக்கு வெளியே துரத்திவிட்டோ கணக்கை முடித்துக்கொள்ளும் பண்ணைக்காரருக்கு, தம் வம்சாவளியில் எந்தக் குறை ஓடுகிறது என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. கோம்பை போன்று எண்ணிக்கை குறைந்த இனத்தில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ப்பது நேர்ந்துவிடுமாதலால், இந்த அறியாமை இன்னும் ஆபத்தானது. பதின்மூன்று வயது வரை திடமாக நடமாடி, கண்ணும் பல்லும் கெடாமல் வாழ்ந்த பெட்டையின் வழியில் வந்த குட்டி, மூஞ்சிக் கருமைக்காக மட்டும் தேர்ந்தெடுத்த குட்டியைக் காட்டிலும் பன்மடங்கு மதிப்புடையது.

எல்லாச் சிகிச்சைக்கும் அப்பால் ஒரு நாள் வரத்தான் செய்யும். உண்ண மறுத்து, எழ இயலாமல், மருந்துக்கும் அடங்காத வேதனையில் உயிர் ஊசலாடும்போது, மருத்துவரைக் கலந்து, வலியின்றி மயக்கத்திலேயே உயிர் பிரியச் செய்வதும் கருணையின்பாற்பட்டதே. நல்ல நாட்கள் அதிகமா, கெட்ட நாட்கள் அதிகமா என்று நோட்டுப் புத்தகத்தில் சில வாரம் குறித்து வந்தால், அந்தத் தீர்மானம் அவசரத்திலோ குற்ற உணர்விலோ எடுக்கப்படாமல் தெளிவோடு எடுக்கப்படும். செலவுக்கு அஞ்சி முன்னதாக எடுப்பதும் தவறு. பிரிய மனமின்றி வேதனையை நீட்டுவதும் தவறு.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த நடுகல் ஒன்று இருக்கிறது. அவனுருவத்தின் அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாய் அது என்று பெயரோடு கல்வெட்டு பதிவு செய்கிறது. ஒரு நாயின் உழைப்பைப் பெயர் சொல்லிக் கல்லில் எழுதிய சமூகம் இது. அந்த நன்றியுணர்வு நம்முடைய பழக்கத்தில் தொடர வேண்டும்.

ஆகவே, தேவாரம் பக்கத்திலோ வேறெங்கேயோ கோம்பைக் குட்டி வாங்கப் போகிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குட்டிகளைப் பார்ப்பதற்கு முன்னால், "உங்க பண்ணையில வயசான நாய்களைக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். கொட்டகையின் காற்றுப் படாத மூலையில், சாக்கு விரித்த கட்டிலில், விலா திருத்தமாய், வாய் சுத்தமாய், நகம் வெட்டிய பாதங்களோடு ஒரு கிழட்டு நாயை அவர் காட்டுவாரானால், அவர் கேட்கும் விலையைக் கொடுத்துக் குட்டியை வாங்குங்கள். காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால், குட்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் வாங்காமல் திரும்பி வாருங்கள்.